பூரிம் திருநாளும் நமது மலையகமும்

ஒரு மக்கட் கூட்டத்தாரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவர்தம் அரசர்களின் பட்டியலைப் படிப்பதினும் அவர்தம் திருநாட்களின் பட்டியலைப் படிப்பது நன்று. யார் ஆண்டார், யார் வீழ்ந்தார் என்பதை அரசர் பட்டியல் சொல்லும். எதனை மறத்தலாகாது என்று பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர் என்பதைத் திருநாட் பட்டியல் சொல்லும். அவ்வகையில், யூத மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடிவரும் பூரிம் என்னும் திருநாளின் பொருள் யாது என்பது பற்றி நேயர்களுடன் சில கருத்துக்களைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் வாழும் நமக்கு யூதர் திருநாளோடு என்ன தொடர்பு என்று வினவத் தோன்றும். பாடப் புத்தகத்தில் யூதரைப் பற்றிச் சில வரிகளே உள்ளன. ஆயினும் தொடர்பு உண்டு. அது எவ்வாறு என்பதை அறிய, முதலில் அத்திருநாளின் கதையைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் எஸ்தர் என்னும் பெயரால் ஒரு சிறு நூல் உண்டு. பாரசீகப் பேரரசன் அகாஸ்வேரு இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரையில் 127 நாடுகளைச் சூசான் என்னும் தலைநகரிலிருந்து ஆண்டான் என்று அந்நூல் தொடங்குகின்றது. கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட சர்க்சீஸ் என்பவனே இவன் என்பது பலர் கருத்து. அவனுடைய அரசியாக எஸ்தர் என்னும் யூதப் பெண் தெரிவு செய்யப்படுகின்றாள். பெற்றோரை இழந்த அவளை வளர்த்தவர் மொர்தெகாய் என்னும் உறவினர். தன் இனம் இன்னதென்பதை அவள் அரண்மனையில் எவருக்கும் சொல்லவில்லை.

அரசனின் தலைமை அமைச்சனாக உயர்ந்த ஆமான் என்பவனுக்கு அனைவரும் மண்டியிட்டு வணங்கினர், மொர்தெகாய் வணங்கவில்லை. அதனாற் சினம் கொண்ட ஆமான், மொர்தெகாய் ஒருவரையன்றி அவருடைய இனம் முழுவதையுமே அழிக்கத் துணிந்தான். நாடெங்கும் சிதறி வாழும் ஒரு கூட்டத்தார் உளர். அவர்களுடைய வழமைகள் மற்றவர்களுடைய வழமைகளினின்றும் வேறானவை. அவர்களை இருக்கவிடுவதால் அரசனுக்குப் பயனில்லை என்பதே அவன் அரசனிடம் கூறிய குற்றச்சாட்டு. அவர்கள் செய்த குற்றம் ஒன்றையேனும் அவன் காட்டவில்லை. அவர்கள் யார் என்பதையே குற்றமாகக் காட்டினான். அரசனும் ஆராயாமல் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவன் கையிற் கொடுத்தான். எந்த நாளில் அழிப்பது என்பதை அறிய ஆமான் சீட்டுப் போட்டுப் பார்த்தான். அந்தச் சீட்டுக்குப் ‘பூர்’ என்று பெயர். அதன் பன்மையே பூரிம். சீட்டு ஆண்டின் பன்னிரண்டாம் மாதமாகிய ஆதார் மாதத்தில் விழுந்தது. பதின்மூன்றாம் நாள் என்று நாட்குறித்த கட்டளை நாடெங்கும் போயிற்று.

செய்தியறிந்த மொர்தெகாய் எஸ்தரை வேண்டினார். அழைக்கப்படாமல் அரசன் முன் செல்பவர்க்கு மரண தண்டனை என்பது அந்நாட்டுச் சட்டம். அரசன் தன் செங்கோலை நீட்டினால் மாத்திரமே உயிர் தப்பலாம். எஸ்தர் மூன்று நாள் உண்ணா நோன்பிருந்து, பின்னர் துணிந்து அரசன் முன் சென்றாள். செங்கோல் நீண்டது. அவள் அரசனையும் ஆமானையும் விருந்துக்கு அழைத்தாள். அன்றிரவு அரசனுக்கு உறக்கம் வரவில்லை. பொழுது போவதற்காக அரண்மனைக் குறிப்பேட்டைப் படிக்கச் சொன்னான். தன் உயிரைப் போக்கச் செய்யப்பட்ட சதி ஒன்றை முன்னொரு நாள் மொர்தெகாய் வெளிப்படுத்தியதும், அதற்கு அவருக்கு எப்பரிசும் தரப்படாததும் அப்பொழுதுதான் அவனுக்குத் தெரியவந்தன. மறுநாள் நடந்த இரண்டாம் விருந்தில் எஸ்தர் தன் இனத்தை வெளிப்படுத்தி, தன் மக்களின் உயிரை அரசனிடம் யாசித்தாள். மொர்தெகாய்க்கென்று ஆமான் நாட்டிய தூக்குமரத்தில் ஆமானே தூக்கப்பட்டான்.

கதை இங்கு முடியவில்லை என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். அரசனின் முத்திரை பதிந்த கட்டளையை அரசனாலும் மீளப் பெற இயலாது என்பது அந்நாட்டு வழக்கு. தீயவன் இறந்தான், அவன் எழுதிய ஏடு இறக்கவில்லை. எனவே யூதர் ஒன்றுகூடித் தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்ற இரண்டாம் கட்டளை ஒன்று வரையப்பட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் எழுத்திலும் ஒவ்வொரு மக்களுக்கும் அவரவர் மொழியிலும் அது எழுதி அனுப்பப்பட்டது என்று நூல் குறித்துச் சொல்கின்றது. ஒரு மக்களின் விதியை மாற்றும் சட்டம் அம்மக்களின் மொழியிலேயே அவர்களுக்கு எட்டுதல் வேண்டும் என்ற உணர்வு அத்துணைப் பழமையானது.

குறித்த நாள் வந்தது, அழிவு வரவில்லை. அதனால் ஆதார் மாதம் 14ஆம் நாளை விருந்தும் மகிழ்ச்சியுமாகக் கொண்டாட வேண்டும் என்று மொர்தெகாய் எழுதி அனுப்பினார். பழைய மதில் சூழ்ந்த நகரங்களில் மாத்திரம் 15ஆம் நாள் கொண்டாடப்படும். நம்முடைய நாட்காட்டியில் இது மாசி, பங்குனி மாதங்களின் முழுநிலாவை ஒட்டி வரும். நமது தோட்டங்களில் காமன் கூத்து ஆடப்படுவதும் ஏறக்குறைய அப்பருவத்திலேயே என்பது நினைக்கத்தக்கது.

இத்திருநாளுக்கு நான்கு கடமைகள் உண்டு. முதலாவது, எஸ்தர் சுருளை மாலையிலும் மறுநாட் காலையிலும் முழுமையாக வாசித்தல். வாசிப்பின்போது ஆமானின் பெயர் வருந்தோறும் சிறுவர் கைகளில் உள்ள கிலுகிலுப்பைகளைச் சுழற்றியும் கால்களைத் தட்டியும் அப்பெயரை ஓசையில் மூழ்கடிப்பர். இரண்டாவது, அயலாருக்கும் நண்பருக்கும் உணவுப் பண்டங்களை அனுப்புதல். மூன்றாவது, ஏழைகளுக்குக் கொடை வழங்குதல். நான்காவது, விருந்துண்டு மகிழ்தல். முகமூடியும் வேடமும் அணிந்து ஆடுதல் பிற்காலத்தில் வந்து சேர்ந்த வழக்கம். இவற்றுள் ஏழைக்குக் கொடுத்தல் என்னும் கடமை, பிறர் கொடையில் வாழும் ஏழைக்கும் உரியது என்று யூதர் சட்டநூல்கள் விதிக்கின்றன. அன்றைக்கு வாங்குபவனும் கொடுப்பவனாக வேண்டும். மகிழ்ச்சி என்பது ஒருவர் மற்றவர்க்கு இடும் பிச்சையன்று, எல்லாரும் தலைநிமிர்ந்து பங்குகொள்ளும் ஒன்று என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலுமோ?

இனி, இது உண்மையில் நடந்த வரலாறா என்ற வினா எழும். எஸ்தர் என்னும் அரசியைப் பற்றிப் பாரசீகக் கல்வெட்டுக்களோ கிரேக்க வரலாற்று நூல்களோ ஒன்றும் கூறவில்லை. சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளிற் கிடைத்த சுருள்களில் எபிரேய விவிலியத்தின் ஏனைய நூல்களின் பகுதிகள் உள்ளன. எஸ்தர் நூலின் பகுதி கிடைத்திலது. ஆய்வாளர் பலர் இதனை வரலாற்றுப் பின்னணியில் எழுந்த கதை என்றே கொள்வர். ஆயினும் மொர்தெகாயின் நாள் என்ற பெயரால் இத்திருநாளை மக்கபேயர் இரண்டாம் நூல் குறிப்பிடுகின்றது. ஆதலின் கிறிஸ்துவுக்கு முன்னரே அது கொண்டாடப்பட்டது என்பதில் ஐயமில்லை. இன்னொரு வியப்பும் உண்டு. எபிரேய மொழியில் உள்ள எஸ்தர் நூலில் இறைவனின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. கடல் பிளக்கவில்லை, வானத்திலிருந்து நெருப்பு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் துணிவு, ஒரு முதியவரின் பிடிவாதம், ஓர் அரசனின் உறக்கமின்மை, குறிப்பேட்டில் இருந்த ஒரு பதிவு ஆகிய இவையே விடுதலையைக் கொண்டுவந்தன. எழுதி வைக்கப்பட்ட ஒரு பதிவு ஓர் இனத்தைக் காத்தது என்பதை, எழுத்தறிவிக்கும் தொழிலில் இருக்கும் நான் சிறப்பாகக் கருதுகின்றேன்.

அதனினும் சிறப்பானது ஒன்று உண்டு. பிற்காலத்தில் யூதர் பல ஊர்களில் தமக்கு நேர்ந்த இடர் நீங்கிய நாட்களை அவ்வவ்வூர்ப் பூரிமாக அமைத்துக்கொண்டனர். கெய்ரோ நகரில் 1524ஆம் ஆண்டில் அகமது பாஷா என்னும் ஆளுநனின் கொடுமையிலிருந்து தப்பிய யூதர், அந்நாளைக் கெய்ரோப் பூரிம் எனப் போற்றினர். ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் 1614ஆம் ஆண்டில் வின்சென்ட் பெத்மில்க் என்பவனின் தலைமையில் ஒரு கூட்டம் யூதர் தெருவைச் சூறையாடி அவர்களை நகரை விட்டே துரத்தியது. பேரரசன் தலையிட்டான், 1616ஆம் ஆண்டில் கலகத் தலைவன் தண்டிக்கப்பட்டான், யூதர் காவற்படையோடு தம் தெருவுக்கு மீண்டனர். அந்த நாள் வின்ஸ் பூரிம் எனப் பெயர்பெற்றது. பழைய சூசான் நகரின் கதையை மாத்திரம் சொல்லிக்கொண்டிராமல், தம் தெருவில் தம் பாட்டன்மாருக்கு நேர்ந்ததையும் அவர்கள் எழுதிப் படித்தனர்.

இந்தப் பிராங்பேட் யூதர் தெருவுக்கும் நமது மலைநாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அத்தெருவிலிருந்தே ரொத்சைல்ட் என்னும் வணிகக் குடும்பம் எழுந்தது. அக்குடும்பத்துப் பெண்வழிப் பேரர்களாகிய மொரிஸ் டி வர்ம்ஸ், கேப்ரியல் டி வர்ம்ஸ் என்னும் சகோதரர் 1840ஆம் ஆண்டுகளிற் புசல்லாவையில் கோப்பித் தோட்டம் அமைத்து, அதற்கு ரொத்சைல்ட் தோட்டம் என்று பெயரிட்டனர். இலங்கையில் தேயிலை பெருந்தொழிலாவதற்கு முன்னரே சீனத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்தவர்களும் அவர்களே. அத்தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் நம் முன்னோர். விடுவிக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் வழித்தோன்றல்கள் துரைமாராக வந்தபொழுது, அவர்களின்கீழ் வேலை செய்தவர்களின் விடுதலை இன்னும் தொலைவில் இருந்தது. வரலாறு இத்தகைய முரண்களை ஒளிப்பதில்லை.

ஊவாவுக்கே உரிய தொடர்பு தியத்தலாவையில் உள்ளது. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் வீரர்களை ஆங்கிலேயர் கொண்டுவந்து அடைத்த இடம் தியத்தலாவை. 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டபொழுது, இலங்கையில் இருந்த ஜெர்மானியர் பகைநாட்டார் எனப்பட்டு அங்கேயே அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஞானபோனிக தேரர். பிராங்பேட்டுக்கு அண்மையிலுள்ள ஹானாவ் நகரில் 1901ஆம் ஆண்டில் ஒரு யூதக் குடும்பத்தில் சீக்முண்ட் பெனிகர் என்ற பெயருடன் பிறந்தவர் அவர். பௌத்த நெறியை நாடி 1936ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து துறவு பூண்டார். அவருடைய தாயாரும் உறவினர் சிலரும் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தனர். யூதர் என்று ஜெர்மனி துரத்திய ஒருவரை, ஜெர்மானியர் என்று ஆங்கில அரசு தியத்தலாவையில் அடைத்தது. 1941ஆம் ஆண்டில் அவர் இந்தியாவின் தேராதூன் முகாமுக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், வெளிநாடுகளில் வாழும் யூதரின் குடியுரிமையை ஜெர்மன் அரசு ஒரே கட்டளையாற் பறித்தது. எந்த நாட்டின் குடி என்பதற்காக அவரைப் போன்றோர் அடைக்கப்பட்டிருந்தனரோ, அந்த நாடே அவர்களைக் கைவிட்டது.

முகாம் வாழ்விலும் அவர் பாளி நூல்களை ஜெர்மன் மொழியிற் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1946ஆம் ஆண்டில் விடுதலை பெற்று இலங்கைக்கு மீண்டார். 1951ஆம் ஆண்டில் இந்நாட்டின் பிரசாவுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. 1958ஆம் ஆண்டில் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகி, 1994ஆம் ஆண்டில் மறையும் வரை நற்பணி ஆற்றினார். அவருக்குப் பிரசாவுரிமை வழங்கியது நல்ல செயல். அதே 1951ஆம் ஆண்டில், அவர் அடைபட்டிருந்த தியத்தலாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த பல்லாயிரம் பேருக்கு அவ்வுரிமை இல்லாதிருந்தது என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

தமிழ் வழங்கும் நிலத்தோடு யூதருக்குள்ள உறவு இன்னும் பழமையானது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. பழந்தமிழும் மலையாளமும் பிரியாத காலத்து மொழி அதன் மொழி. பல்லக்கும் குடையும் பகல் விளக்குமாகிய சிறப்புரிமைகள் அதிற் சொல்லப்படுகின்றன. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்து, மன்னன் அளித்த நிலத்தில் 1568ஆம் ஆண்டில் பரதேசி ஜெபாலயம் எழுந்தது. 1662ஆம் ஆண்டில், ஒல்லாந்தருக்கு உதவினர் என்று போர்த்துக்கேயர் அதனைச் சூறையாடினர். மறு ஆண்டே கொச்சி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. யூதர் அச்சம் நீங்கித் தம் ஆலயத்தைப் புதுப்பித்தனர். யூதரின் மற்றொரு மகிழ்ச்சித் திருநாளாகிய சிம்ஹாத் தோராவின்போது, திருமறைச் சுருள்களை ஏந்தி ஆலயத்தின் வெளியேயும் வலம்வருதல் கொச்சி யூதரின் தனி வழக்கம். கோயிலை வலம்வரும் நமக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. 1968ஆம் ஆண்டில் அவ்வாலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அதற்குள் அச்சமூகத்தின் பெரும்பகுதியினர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

நல்லதை மாத்திரம் சொல்லி முடித்தல் வரலாற்று ஆசிரியனுக்கு அழகன்று. எஸ்தர் நூலின் ஒன்பதாம் அதிகாரம், தம்மைக் காத்துக்கொள்ள எழுந்த யூதர் தம் பகைவருள் 75,000 பேரைக் கொன்றதாகக் கூறுகின்றது. எண்ணிக்கை மிகைப்படக் கூறப்பட்டது என்பர் அறிஞர். ஆயினும் அவ்வதிகாரம் படிப்போர் நெஞ்சை உறுத்தும். 1994ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள் பூரிம் நாள். அன்று ஹெப்ரோன் நகரில் தொழுகையில் இருந்த பாலஸ்தீன முஸ்லிம்கள் 29 பேரை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். இஸ்ரேலிய அரசும் யூத அறிஞர் பலரும் அதனைக் கண்டித்தனர். தான் தப்பியதை நினைப்பவன் பிறர் தப்பவேண்டியதையும் நினைத்தல் வேண்டும். அந்நினைவு இல்லையேல் விடுதலைத் திருநாள் பழிவாங்கும் நாளாகத் திரிந்துவிடும். எந்த இனத்தின் திருநாளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

யூதர் மரபில் மற்றொரு நுண்ணிய கருத்து உண்டு. ஏனைய மகிழ்ச்சித் திருநாட்களிற் பாடப்படும் துதிப்பாடல்கள் பூரிம் அன்று பாடப்படுவதில்லை. ஏன் என்று தல்மூத் என்னும் பெருநூலில் அறிஞர் வாதிடுகின்றனர். இராபா என்னும் அறிஞர் தந்த விடை இது: எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் பார்வோனுக்கு அடிமைகளாயிருப்பது நின்றது, பூரிம் நாளில் தப்பியவர்களோ அதன் பின்னரும் அகாஸ்வேருவின் அடிமைகளாகவே இருந்தனர். எஸ்தர் நூலின் கடைசி அதிகாரமும், அரசன் நாட்டின்மேல் வரி விதித்தான் என்றே தொடங்குகின்றது. உயிர் பிழைத்தது, அடிமைத்தனம் முற்றும் நீங்கவில்லை. இதனை அறிந்தே அவர்கள் மகிழ்ந்தனர். விடுதலை அரைகுறையானது என்பதற்காக மகிழ்ச்சியைக் கைவிடவில்லை. மகிழ்கின்றோம் என்பதற்காக விடுதலை முழுமையானது என்று தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளவும் இல்லை. பூரிம் திருநாளின் உட்பொருள் இதுவே என்பது என் கருத்து.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் முன்னோர் ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், அவர் பட்டிருந்த கடனைக் குறிக்கும் துண்டு ஒன்று வேண்டும். கடனை யார் தீர்ப்பாரோ அவரிடமே ஆள் போய்ச் சேரும். ஒரு காகிதத் துண்டு மனிதனைக் கட்டியிருந்தது. 1921ஆம் ஆண்டில் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அஃது ஒரு விடுதலை. அந்த ஆண்டை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச் சாவடியின் வாயிலையும் மிதிக்க இயலாதவராயினர். ஆமானின் கட்டளை உயிரைக் கேட்டது. இந்தச் சட்டம் உயிரைக் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்கு அடுக்காது. ஆயினும், செய்த குற்றம் ஒன்றும் காட்டாமல், யார் என்பதையே காரணமாக்கி ஒரு மக்கட் கூட்டத்தின் விதியை முத்திரையிட்ட ஏட்டால் மாற்றலாம் என்பதில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

அதன் பின்னர் நடந்ததும் முத்திரைகளின் வரலாறே. 1964ஆம் ஆண்டில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். ஊவாவின் புகையிரத நிலையங்களில் அண்ணனைக் கோச்சியில் ஏற்றிவிட்டுத் தம்பி லயத்துக்குத் திரும்பிய காலம் அது. சீட்டுப் போட்டு நாளைக் குறித்தவன் ஆமான். இங்கோ எண்களைப் போட்டு மனிதரைப் பிரித்தனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையடுத்து 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பாராளுமன்றம் அச்சட்டத்தை நிறைவேற்றியபின், பத்து நாட்கள் நடந்த பதிவு முயற்சியில் ஏறக்குறைய 1,90,000 பேர் பிரசைகளாயினர். 55 ஆண்டுகளாக எழுதப்பட்டிருந்த ஏட்டின்மேல் இரண்டாம் ஏடு எழுதப்பட்டது. எஸ்தர் கதையில் நிகழ்ந்தது போன்றே, முதல் ஏடு செய்த கேட்டை அது முற்றும் அழிக்கவில்லை. பிரிந்த குடும்பங்கள் பிரிந்தனவே.

இந்த விடுதலையும் அரைகுறையானதே என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் வாழ்வதற்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. ஆனால் சொந்த நிலம் இல்லாத மக்கள் எங்கே பெயர்ந்து போவர்? வாக்குச் சீட்டு கையில் இருந்தது. கால் ஊன்ற ஒரு துண்டு நிலம் இல்லை. பிரசாவுரிமை என்னும் ஏடு காணி உறுதி என்னும் ஏட்டோடு சேர்ந்தாலன்றி விடுதலை நிறைவு பெறாது என்பதை மீரியபெத்தை நமக்குக் கற்பித்தது.

தீபாவளியும் விடுதலைத் திருநாளே. நரகாசுரனின் கொடுமை நீங்கியதை அது குறிக்கின்றது. ஆயினும் நமது தோட்டங்களில் அது பெரும்பாலும் முற்பணத்திற் பிறந்து, மாதாமாதக் கழிவில் முடிகின்றது. பூரிம் நாளின் விதியை இங்கே எண்ணிப் பாருங்கள். ஏழையும் கொடுக்க வேண்டும். அயல் வீட்டுக்குத் தட்டு போகவேண்டும். இப்பண்பு நம் லயங்களுக்குப் புதியதன்று. பலகாரத் தட்டு காம்பரா காம்பராவாகப் போவதை யாவரும் அறிவோம். மற்றைய கடமையாகிய வாசித்தல் ஒன்றே நம்மிடம் குறைகின்றது. நம் கதையை நாம் எழுதி, ஆண்டுதோறும் உரக்க வாசிப்பதில்லை.

2023ஆம் ஆண்டில், நம்மவர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியிற் கால் பதித்த அந்நடை ஒரு நல்ல தொடக்கம். கால்கள் செய்ததை இனிக் கைகள் செய்தல் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் அத்தோட்டத்தின் சுருள் ஒன்று எழுதப்படட்டும். எந்த ஆண்டில் காடு வெட்டப்பட்டது. எந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். யார் முதலில் பள்ளிக்கூடம் நடத்தினார். 1940ஆம் ஆண்டில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்தது போன்ற வேலைநிறுத்தங்கள் எவ்வாறு நடந்தன. யார் கப்பலேறினர், யார் தங்கினர். எந்த மழையில் எந்த லயம் போயிற்று என்பனவற்றை முதியோர் சொல்ல மாணவர் எழுதட்டும். உதவிய சிங்கள அயலவரின் பெயரும் முஸ்லிம் கடைக்காரரின் பெயரும் அதில் இடம்பெறட்டும். ஆமானின் பெயரை ஓசையில் மூழ்கடிக்கும் அதே வாசிப்பில், மொர்தெகாயின் பெயர் தெளிவாக ஒலிக்கின்றதன்றோ?

எழுதிய பின் அதனை ஆண்டுக்கொரு நாள் கோயில் முன்றிலிலோ பாடசாலை மண்டபத்திலோ வாசிக்கலாம். அந்த நாள் எந்நாளாக இருக்கவேண்டும் என்பதை அந்தந்த ஊரார் முடிவு செய்க. கெய்ரோ மக்களும் பிராங்பேட் மக்களும் அவ்வாறே செய்தனர். வாசிப்பு முடிந்தபின் பகிர்ந்துண்டு மகிழ்க. காணி இல்லை, வீடு இல்லை, கூலி போதவில்லை என்று அன்று காலை முறையிட்டவர் அன்று மாலை மகிழலாமோ என்று எவரேனும் கேட்பாராயின், மகிழலாம் என்பதே பூரிம் தரும் விடை. முழு விடுதலை வரும் வரை மகிழ்ச்சியைத் தள்ளிவைக்கும் மக்கள், அவ்விடுதலைக்காக உழைக்கும் வலிமையையும் இழந்துவிடுவர். பெற்றதை எண்ணி மகிழவும், பெறாததை எண்ணி எழவும் ஒரே நாளிற் கற்றுக்கொள்ளும் மக்களே நிலைத்து வாழ்வர்.